தட்சிணசித்ரா போனவங்க இருக்கீங்களா? ஆயா தறிகிட்ட உக்காந்த கதை, உங்க அனுபவத்தயும் சொல்லுங்க

பிள்ளையார்பாளையத்துப் பேத்தி:
போன மாசம் ஆயாவ சென்னை கிட்ட முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு (தென்னிந்தியப் பழைய வீடுங்க, கைவேலை எல்லாம் காட்டுற அருங்காட்சியகம்) கூட்டிட்டுப் போனேன், அன்னிலேர்ந்து இத யார்கிட்டயாவது சொல்லணும்னே இருக்கு. முதல் தடவ போனது ஒரு செவ்வாக்கிழமை, வார லீவுன்னு தெரியாம எண்பது வயசுக்காரங்கள காஞ்சிபுரத்துலேர்ந்து அழைச்சிட்டு வந்து கேட்டுலயே திரும்பிட்டோம், மனசே கேக்கல. நீங்க யாரும் செவ்வாய் போயிடாதீங்க.

ரெண்டாவது தடவ நேரா காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டுக்குதான் போனோம். திண்ணைய பாத்ததுமே ஆயா நின்னுட்டாங்க. உள்ள குழித்தறியில ஒருத்தர் நெஞ்சிட்டு இருந்தாரு. ஆயா யாரையும் கேக்கல, பக்கத்துல போயி புறங்கையால பாவ (தறியில நீளவாக்குல கட்டுன நூல) லேசா தடவிப் பாத்து "கொஞ்சம் தொய்வா இருக்கேப்பா"ன்னாங்க. நான் பதறிட்டேன், தொடக்கூடாதுன்னு சொல்லுவாரோன்னு. அவரு நிமிந்து பாத்துட்டு "ஆமாம்மா, காலையிலேர்ந்து காத்து ஈரமா அடிக்குது"ன்னு சொல்லி இறுக்கிக் கட்டுனாரு. அவ்ளோதான், அப்புறம் ரெண்டு பேரும் பேசுனது பாதி எனக்கு புரியல.

கரை ஒரு கலர், உடம்பு ஒரு கலர்னு வர்ற கோர்வை சேலைக்கு நெய்யிறவர் ஒருத்தர் மட்டும் பத்தாது, பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து கரை நாடாவ (ஊடு நூல கொண்டு போற கட்டைய) வாங்கி வாங்கி தள்ளணும். அந்த வேலைக்கு அப்பல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைங்கதான். ஏழு வயசுலேர்ந்து எங்க ஆயா பண்ணது அதுதான், ஸ்கூலுக்கே போகல. காலையில தெருவுல பாவு நீட்டி கஞ்சி போடுவாங்களாம், வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிட்டு வந்து தறிகிட்ட உக்காந்தா எந்திரிக்கறது மத்தியானம்தான்.

முட்டி வலியால குழியில இறங்க முடியாதுன்னு அந்தப் பிள்ளைங்க உக்கார்ற பக்கமாவே போயி தரையில உக்காந்தாங்க. அவரு நெஞ்சது கோர்வை இல்ல, சாதா சேலை, ஆயா தள்ளறதுக்கு அங்க நாடாவே கிடையாது. ஆனா அவரு ஒவ்வொரு தடவ பலகைய இழுத்து அடிக்கும்போதும் ஆயாவோட வலது கை மடியிலேயே தள்ளிக்கிட்டு இருந்துச்சு. அவரு அத கவனிச்சிட்டாரு போல, ஒண்ணும் சொல்லாம வேகத்த குறைச்சிக்கிட்டாரு. அரை மணி நேரம் இருக்கும். நான் வெளிய வந்து அழுதேன்.

களிமண்ணு:
படிச்சிட்டு எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சுங்க. நான் பையன (ஒம்பது வயசு) லீவுல அங்க பானை செய்ய கூட்டிட்டுப் போனேன். சக்கரத்துல செஞ்சா முழுப் பானையும் வந்துடும்னுதான் நானும் நெனச்சிருந்தேன். அப்படி இல்ல. நூல வெச்சி அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடியே இல்ல, ஓட்டையா இருக்கு! பையன் "அப்பா உடைஞ்சிடுச்சு"ன்னு முகம் சுருங்கிட்டான். அங்க பானை செய்யிற அக்கா முன்னாடியே செஞ்சு லேசா காஞ்ச பானை ஒண்ண எடுத்தாங்க, உள்ள ஒரு உருண்டைக் கல்ல புடிச்சிக்கிட்டு வெளிய கட்டையால சுத்திச் சுத்தி தட்டுறாங்க, ஓட்டை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி மூடிக்குது. "அடிக்கறதில்ல தம்பி, மண்ண நகத்துறோம்"னாங்க. மூட மூட சத்தமே வேற மாதிரி ஆகுது, கண்ண மூடிக்கிட்டு கேட்டாலே தெரியும். இப்போ வீட்டுல தண்ணிப் பானைய கவுத்துப் போட்டு அடிய தடவித் தடவி பாக்கறான்.

ஒரே ஒரு விஷயம், பொங்கல் மாதிரி விழா நாள்ல போனா கூட்டம் அள்ளும், ஆட்டம் பாட்டம் எல்லாம் பிரமாதமா இருக்கும், ஆனா கைவேலை கத்துக்கணும்னா அன்னிக்கு போகாதீங்க. சாதா நாள்ல காலையிலேயே போங்க, அப்பதான் செய்யிறவங்களோட உக்காந்து பேச முடியும்.

புதுசு:
அந்த வீடெல்லாம் சினிமா செட்டு மாதிரி கட்டுனதுதானே? எம்ஜிஎம் தீம் பார்க் பக்கத்துல போர்டு பாத்திருக்கேன், உள்ள போனதில்ல.

முகப்பு வீடு:
செட்டு இல்லைங்க. பெரும்பாலும் இடிக்கறதுக்குன்னு கொடுத்துட்ட பழைய வீடுங்கள வாங்கி, மரத்தையும் கல்லையும் தனித்தனியா பிரிச்சு இங்க கொண்டாந்து திரும்பக் கோத்தது. 1984ல தெபோரா தியாகராஜன் ஆரம்பிச்ச மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைப்புக்கு உதவுனாரு, மக்களுக்கு திறந்தது 1996 டிசம்பர் 14. பத்து ஏக்கர்ல தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகான்னு நாலு பக்கத்து வீடும் இருக்கு. புதுப்பள்ளி சிரியன் கிறிஸ்தவ வீட்டோட மரவேலைய விட்றாதீங்க.

நான் காரைக்குடிப் பக்கம். எங்க ஐயா வீடு அஞ்சு பங்காளிக்கு பிரிஞ்சு, யாராலயும் பராமரிக்க முடியாம இடிச்சாச்சு, தூணெல்லாம் பழைய சாமான் கடைக்கு போயிடுச்சு. அங்க இருக்கற செட்டிநாட்டு வீட்டுல தூண்மேல கைய வெச்சப்போ அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் அப்படியே எங்க வீட்டு வளவுதான் (நடு முத்தம்). எங்க வீட்டையும் யாராவது இப்படி பிரிச்சு எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு.

பிள்ளையார்பாளையத்துப் பேத்தி:
ரெண்டு பேருக்கும் நன்றி, முகப்பு வீடு அண்ணா நீங்க எழுதுனத ஆயாவுக்கு படிச்சுக் காட்டுனேன், "பாவம், தூணப் போயி வித்துட்டாங்களே"ன்னு ரொம்ப நேரம் சொல்லிட்டு இருந்தாங்க. நவராத்திரிக்கு அங்க கொலு வெப்பாங்க, அப்போ திரும்ப கூட்டிட்டுப் போறதா சொல்லிருக்கேன். ஆனா ஆயாவுக்கு கொலு எல்லாம் இல்ல, நேத்து ராத்திரி போன்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "அந்தத் தறிக்காரப் பையன் இந்நேரம் சேலைய முடிச்சு தறியிலேர்ந்து அறுத்திருப்பானாடி?"