ரப்பர் பட்டறைக்கு ஷீல்டு கேபிளா, சாதாரண யுடிபியா?

கேள்வி: கப்பலூர் ரப்பர்

வணக்கம். மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான ரப்பர் புஷ், சீல் ஆகியவற்றை வார்க்கும் சிறிய பட்டறை ஒன்றை நானும் என் தம்பியும் நடத்தி வருகிறோம். அலுவலக அறையில் ஒரு ரேக் வைத்து, அங்கிருந்து 7 கேமராக்களுக்கும், வருகைப்பதிவுக் கருவிக்கும், ரப்பர் கலவையை எடைபோடும் தராசுக்கான கணினிக்கும் புதிதாக நெட்வொர்க் கேபிள் இழுக்க வேண்டியுள்ளது. மிகத் தொலைவில் இருக்கும் கேமராவுக்கு 70 மீட்டர் வரும். இது தவிர, முற்றத்தைத் தாண்டி 40 மீட்டரில் தனி மின் இணைப்புடன் ஒரு கிடங்கும் இருக்கிறது.

பட்டறையின் நடுவில் மிக்ஸிங் மில் ஓடுகிறது. அதன் 40 ஹெச்பி மோட்டாரை, வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி டிரைவ் இயக்குகிறது. சோதனைக்காகத் தற்காலிகமாக ஒரு கேமராவைப் பொருத்தினோம். மில் ஓடத் தொடங்கியதும் படம் உறைந்து நின்றுவிடுகிறது. மில்லை நிறுத்தினால் தானாகவே சரியாகிறது. அந்தக் கேபிள் மோட்டார் கேபிள் செல்லும் டிரேயிலேயேதான் கிடக்கிறது.

கேபிள் வாங்கப் போன கடையில், தொழிற்சாலை என்றால் முழுவதும், உள்ளே உலோகக் கவசம் உள்ள ஷீல்டு கேபிள்தான் போட வேண்டும் என்றார்கள். எங்கள் எலெக்ட்ரீஷியனோ, பல ஆண்டுகளாகக் கவசம் இல்லாத சாதாரண யுடிபிதான் இழுத்து வருவதாகவும் அதில் குறை எதுவும் வந்ததில்லை என்றும் சொல்கிறார். விலை வித்தியாசம் எங்களைப் போன்ற சிறு பட்டறைக்குப் பெரிதுதான். ஆனால் தவறான கேபிளைப் போட்டுவிட்டு மீண்டும் பிரித்து இழுப்பது அதைவிடப் பெரிய செலவு. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கேபிள் மாட்டுத்தாவணி

ஐயா, கேபிளை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே யுடிபி கேபிளை டிரேயிலிருந்து எடுத்து, மோட்டார் கேபிளுக்கும் அதற்கும் குறைந்தது ஒரு அடி இடைவெளி இருக்கும்படி சுவரோரமாகக் கட்டி, மில்லை ஓடவிட்டுப் படத்தைக் கவனியுங்கள். எங்காவது மின்கேபிளைக் கடந்தே தீர வேண்டுமென்றால், இணையாக ஓடவிடாமல் செங்குத்தாகக் கடக்கச் செய்யுங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தொல்லைகளில் பாதிக்குமேல் வழித்தடத்தை மாற்றியதிலேயே தீர்ந்துவிட்டன.

யுடிபி என்பது பாதுகாப்பே இல்லாத கேபிள் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது, அது சரியல்ல. அதற்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் முறுக்கப்பட்டிருப்பதே ஒரு பாதுகாப்புதான். ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிரான மின்னழுத்தத்தில் செய்தி போகிறது; வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கின் காரணமாக இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுகிறது; மறுமுனைக் கருவி இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால் பொதுவாக ஏறிய இரைச்சல் கழிந்துபோகிறது. தொலைபேசிக் கம்பிகளுக்காக கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. ஆகவே கேபிள் முனையில் கனெக்டரைப் பொருத்தி இறுக்கும் கிரிம்பிங் செய்பவர், வேலை எளிதாக இருக்கட்டும் என்று முறுக்கை இரண்டு அங்குலம் பிரித்துவிட்டால், எந்தக் கேபிளானாலும் அந்த இடத்தில் பாதுகாப்பு போய்விடும். அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்க விடாதீர்கள்.

50 ஹெர்ட்ஸ் மின்கம்பியின் இரைச்சலை இந்த முறுக்கே சமாளித்துவிடும். டிரைவின் இரைச்சல் வேறு வகை. அது நேர்மின்னோட்டத்தை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டும் மைக்ரோ நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏறி இறங்குவதால் எழும் இரைச்சல் பல மெகாஹெர்ட்ஸ் வரை பரவி, கேமராவின் சமிக்ஞை ஓடும் எல்லைக்குள்ளேயே வந்துவிடுகிறது. கேபிளுக்குக் கவசம் தேவைப்படும் இடம் இதுதான். ஆனால் கவசத்தை முதலில் போட வேண்டியது நெட்வொர்க் கேபிளுக்கு அல்ல, டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்கேபிளுக்கு. அதைக் கவசமுள்ள கேபிளாக மாற்றி, டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும் கவசத்தை உலோக கிளாம்பால் இறுக்கினால், இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அடங்கிவிடும்.

கேமராவுக்கும் வருகைப்பதிவுக்கும் கேட் 6 தர யுடிபியே போதும். 90 மீட்டர் நிலையான கேபிளும், கருவிகளோடு இணைக்கும் குட்டைக் கேபிளான பேட்ச் கார்டு இரு முனைகளிலும் சேர்த்து 10 மீட்டரும் வரை போகலாம் என்பது கணக்கு என்பதால், உங்கள் 70 மீட்டர் எல்லைக்குள்தான் இருக்கிறது.

பதில்: திருநகர் பராமரிப்பு

முந்தைய பதிலில் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. நான் நூற்பாலையில் மின்பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எர்த் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஷீல்டு கேபிளில் ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில், ஷீல்டு கேபிள் போட்டும் தராசுக்கும் கணினிக்கும் இடையே தொடர்பு அறுந்துகொண்டே இருக்கிறது என்று அழைத்தார்கள். கனெக்டரை வெட்டி எடுத்துப் பார்த்தேன். வேலை செய்தவர் வெளியுறையை உரித்த கையோடு, வெள்ளித்தாள் போன்ற கவசத்தையும், அதை ஒட்டி ஓடும் மெல்லிய டிரெயின் வயரையும் ஓரத்தோடு நறுக்கிவிட்டு, சாதாரண பிளாஸ்டிக் ஆர்ஜே45 கனெக்டரைப் பொருத்தியிருந்தார். இரு முனைகளிலும் அப்படித்தான். எங்கும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் நிற்கும் கவசம் இரைச்சலைத் தரைக்குக் கடத்தாது. சில வேளைகளில் ஏரியல் போல இரைச்சலை வாங்கி உள்ளே இருக்கும் ஜோடிகளுக்கே கொடுக்கும். உலோக உறையுள்ள கனெக்டர்களை மாற்றி, டிரெயின் வயரை அந்த உறையோடு சேர்த்து இறுக்கி, ரேக்கை எர்த்துடன் இணைத்த பிறகுதான் தொடர்பு நிலைத்தது. ஆக, ஷீல்டு கேபிள் வாங்குகிறவர் அதோடு உலோகக் கனெக்டர், ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் உலோக உறையுள்ள பேட்ச் பேனல், ஷீல்டு பேட்ச் கார்டு, நல்ல எர்த் ஆகிய அனைத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்று கணக்கிட வேண்டும்.

எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ரேக்கின் எர்த்துக்கும் மில் பக்கத்து எர்த்துக்கும் இடையே, மில் ஓடும்போது அளந்து பாருங்கள். கவசத்தின் இரு முனைகளையும் எர்த்தோடு இணைக்க வேண்டுமானால் அந்த வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது கேபிள் பதிப்பவர்கள் பின்பற்றும் விதி. தாண்டினால் கவசத்தின் வழியாகவே மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். பிறகு கவசமே தொல்லையாகிவிடும். நம் பக்கத்தில் பங்குனி, சித்திரை வெயிலில் எர்த் குழிகள் வறண்டு எர்த்தின் மின்தடை ஏறிவிடுகிறது. உப்பும் கரியும் போட்டு வெட்டிய குழியாக இருந்தால் தண்ணீர் ஊற்றுவதை ஒரு முறைவேலையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கிடங்குக்கு எந்தச் செப்புக் கேபிளும் வேண்டாம். தனி மின் இணைப்பும் தனி எர்த்தும் உள்ள இரு கட்டடங்களை ஷீல்டு கேபிளால் இணைப்பது, இரண்டு எர்த்துகளையும் ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவைப்பதற்குச் சமம். ஐப்பசி இடிமழையில் பக்கத்தில் ஒரு மின்னல் இறங்கினால் இரு பக்கத்து சுவிட்சுகளும் போகும். உள்ளே உலோகக் கம்பியே இல்லாமல் ஒளியால் செய்தி அனுப்பும் ஃபைபர் கேபிளைப் போட்டு, இரு முனைகளிலும் ஒளியையும் மின்சமிக்ஞையையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வைத்துவிடுங்கள். ஒளிக்கு எர்த்தும் இல்லை, இரைச்சலும் இல்லை.

கேள்வியாளர்: கப்பலூர் ரப்பர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை கேபிளை டிரேயிலிருந்து எடுத்துச் சுவரோரமாகக் கட்டி, மில்லை ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். படம் ஒரு முறைகூட உறையவில்லை. எர்த்தை அளந்தபோது 4 வோல்ட்டுக்கு மேல் காட்டியது; எர்த் குழியைத் திறந்து பார்த்தால் உள்ளே புழுதிதான் இருந்தது. ஆகவே எர்த்தைச் சீரமைக்கும் வேலையை முதலில் எடுத்திருக்கிறோம். தராசு மட்டும் டிரைவ் பெட்டிக்கு அருகிலேயே இருப்பதால், அந்த ஒரு தடத்துக்கு மட்டும் ஷீல்டு கேபிளும், மற்ற அனைத்துக்கும் யுடிபியும், கிடங்குக்கு ஃபைபரும் என்று முடிவு செய்திருக்கிறோம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் விசாரித்தபோது, ஒரே கேட் 6 என்று இரண்டு விலையில் பெட்டிகளைக் காட்டினார்கள். எதை நம்பி வாங்குவது?

பதில்: கேபிள் மாட்டுத்தாவணி

விலை குறைந்த பெட்டி பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். ஒரு கம்பியை எடுத்துக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். முழுச் செம்பு எத்தனை சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும். பெட்டியைத் தூக்கும்போதே கனமும் தெரியும். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு என்பதால், கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் உங்கள் கேமராக்களுக்கு 70 மீட்டர் தொலைவில் அது கைகொடுக்காது. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். ஷீல்டு வாங்கினாலும் யுடிபி வாங்கினாலும், பெட்டியின் மேல் முழுச் செம்பு என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அதையே பில்லிலும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.