எதை விட்டாலும் இதை விடமாட்டோம்: எங்க வீட்டுக் கிறிஸ்துமஸ்

நாஞ்சில் மகள்:
ஸ்டார், சீரியல் பல்பு, கேக், புதுத்துணி எல்லா வீட்டிலும் உண்டு. ஆனா 'எதை விட்டாலும் இதை விடமாட்டோம்'னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்ணு இருக்கும். கையில் காசில்லாத வருஷத்திலும் அது மட்டும் நடந்திருக்கும். உங்க வீட்டில் அது என்ன? நான் தொடங்குறேன்.

எங்களுக்கு அது முந்திரிக்கொத்து. நாகர்கோவில் பக்கம் டிசம்பர் பாதியிலேயே சிறுபயறு வறுக்கிற வாசனை தெருவுக்கு வந்துடும். பயறை வறுத்து, தோல் போகப் புடைச்சு, மில்லில் கொஞ்சம் கரகரப்பா திரிச்சு வாங்கணும். துருவின தேங்காயை ஈரம் சுத்தமா போய் சிவக்கிற வரை வறுக்கணும். இதில் அவசரப்பட்டா கொத்து சீக்கிரம் சிக்குவாடை அடிச்சிடும். எள்ளு, ஏலக்காய், சுக்கு சேர்த்து, கருப்பட்டிப் பாகைச் சூட்டோட ஊத்திக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்டணும். ஆறிட்டா உதிர்ந்துபோகும். அதனால இது ஒத்தை ஆள் வேலையே இல்லை. அத்தை கிளறுவாங்க, சித்தி, மதினி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சுத்தி உட்கார்ந்து உருட்டுவாங்க. உள்ளங்கை சிவந்துபோகும். உருண்டை இறுகினதும் மஞ்சள் சேர்த்த பச்சரிசி மாவில் முக்கி, மூணு மூணா ஒட்டினாப்ல எண்ணெயில் விட்டா, திராட்சைக் குலை மாதிரி எழும்பி வரும்.

அம்மா தவறின வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம்னு இருந்தோம். துக்க வீட்டில் பலகாரம் சுடுறதில்லை. பண்டிகைக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசல்ல நின்னாங்க. "உங்க வீட்ல சட்டி வைக்காண்டாம், எங்க வீட்ல வச்சுச் சுடுவோம். உங்க அம்மைக்க அளவு எனக்குத் தெரியும், நீ வந்து உருட்டு"ன்னாங்க. அவங்க அடுப்பில், அம்மாவோட அளவில் சுட்டோம். வாயில் போட்டப்போ அம்மா பக்குவம் அப்படியே இருந்தது. இப்போ ஒவ்வொரு வருஷமும் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து அவங்க வீட்டில்தான் சுடுறோம்.

பாளையங்கோட்டை ஊஞ்சல்:
நாங்க சைவ வீடு. ஊசிக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெரு. 1826-ல் பிரதிஷ்டை ஆன கிறிஸ்தவக் கோயில் அது. கிறிஸ்துமஸ் அன்னிக்கு விடியுமுன்னே அங்க மணி அடிச்சா எங்க தெருவே எழுந்துடும். எதிர் வீட்டு ஆச்சி அன்னிக்கு ஆராதனை முடிஞ்சு வந்ததும் செய்ற முதல் வேலை, எங்களுக்குக் காய்கறி பிரியாணி வைக்கிறது. அதுக்குன்னு ஒரு தனிப் பித்தளைப் பானை. கறி வாங்கி வந்திருந்தாலும் அது கொல்லையிலேயே இருக்கும். எங்க பானை இறங்கி, எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுக்களைக்குள்ள வரும். அவங்க வீட்டுப் பிள்ளைங்க பசியோட காத்துக்கிட்டிருக்கும். ஒரு வருஷம்கூட இந்த வரிசை மாறினதில்லை. ஆச்சி இப்போ இல்லை, மருமக செய்றாங்க. பானையும் அதேதான். தீபாவளிக்கு எங்க வீட்டு முதல் தட்டும் அவங்களுக்குத்தான் போகும்.

யாழ் பனை:
நாஞ்சில் மகள், நீங்கள் சொல்லுற முந்திரிக்கொத்து எங்கட பயத்தம் பணியாரம்தான்! நாங்கள் கொத்தா இல்லாமல் ஒற்றை உருண்டையாப் பொரிப்பம்.

ஆனால் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, எங்கட வீட்டில் தவறாதது ரிச் கேக். ரவை, கஜு, பூசணி அல்வா, இஞ்சிப் பாகு, நல்லா ஊறின பிளம்ஸ். கேக்கை விட எனக்குப் பெரிசு அதைச் சுத்துறதுதான். சின்னத் துண்டுகளா வெட்டி, எண்ணெய்ப் பேப்பரில் சுத்தி, மேலே பளபளக்கிற கலர்ப் பேப்பர். 24ஆம் தேதி பின்னேரம் முழுக்கப் பிள்ளையளுக்கு அதுதான் வேலை. வாற ஆக்களுக்குத் தட்டில் அடுக்கிக் குடுக்க வேணும்.

1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால சனம் எல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டது இங்கே கன பேருக்கு நினைவிருக்கும். அந்த நத்தாருக்கு நாங்கள் கொடிகாமத்தில் ஒரு சொந்தக்கார வீட்டு விறாந்தையில், இன்னும் சில குடும்பங்களோட. கோதுமை மா இல்லை, முட்டை இல்லை, மண்ணெண்ணெய் கூட ஜாம் போத்தல் விளக்குக்கு அளந்துதான் ஊத்துவினம். அம்மா எங்கேயோ பயறு வாங்கி வறுத்து இடிச்சு, சர்க்கரை சேர்த்து உருண்டை பிடிச்சா. பொரிக்க எண்ணெய் இல்லை. பிறகு என்ர பழைய கொப்பியைக் கேட்டா. தாள் தாளாக் கிழிச்சு, கேக் சுத்துறது போலவே ஒவ்வொரு உருண்டையையும் சுத்தி, ரெண்டு பக்கமும் முறுக்கி, அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் குடுத்தா. என்ர கணக்குப் பாடம் எழுதின தாள். இப்ப ரொறொன்ரோவில் எல்லாம் கிடைக்குது, வெட்டி அடுக்கின கேக்கே கடையில் வாங்கலாம். ஆனாலும் மகளை இருத்தி வச்சு ஒவ்வொரு துண்டாச் சுத்தினால்தான் எனக்கு நத்தார்.

ஏரல் கரை:
எங்களுக்கு கேரல் ரவுண்ட்ஸ். பண்டிகைக்கு முந்தின ராத்திரிகள்ல டோலக், கிட்டார் எடுத்துக்கிட்டு சபை வாலிபர்கள் தெருத்தெருவா போவோம். எத்தனை மணிக்குப் போனாலும் லைட்டைப் போட்டுக்கிட்டு வெளிய வருவாங்க. பாட்டு, ஜெபம், சுக்குக்காப்பி, அடுத்த வீடு.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை தெரியும்ல. காயல்பட்டினத்தில் ஒரே நாள்ல 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்னுபோச்சு. தாமிரபரணி ஏரலுக்குள்ள ஏறி வந்தது. வீடுகள்ல சேறு, கரண்ட் இல்லை. இந்த நிலைமையில பாட்டு பாடிக்கிட்டுப் போறது சரியான்னு எங்களுக்குள்ளயே பேச்சு வந்தது. கடைசியில டோலக்கை வச்சுட்டு அரிசி, பாய், மெழுகுவர்த்தி, பிளீச்சிங் பவுடர் தூக்கிக்கிட்டு அதே தெருக்கள்ல, அதே வரிசையில் போனோம். எந்த மதம்னு பார்க்கல, எல்லா வீட்டுக்கும். பாடுறதா எங்களுக்கு எண்ணமே இல்லை. ஒரு தாத்தா, சேத்தை வாரிக்கிட்டே, "ஏலே, பாடாம எங்க போறிய?"ன்னு சத்தம் போட்டார். மண்வெட்டியை வாங்கி ரெண்டு பேர் வார, மத்தவங்க நின்னு பாடினோம். அவர் விபூதி பூசின மனுஷன், வருஷா வருஷம் எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறவர். அதுக்கப்புறம் எல்லா வீட்டிலயும் பாடினோம்.

நான் பார்த்த கிறிஸ்துமஸ்ல அதுதான் ஆகப் பெரிசு. இதைச் சொல்றப்போ இப்பவும் தொண்டை அடைக்குது.

நெய்தல்:
குமரி மேற்குக் கடற்கரை. 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்க ஊர்ல ஸ்டார் போடல, வெடி இல்லை, புதுத்துணி இல்லை. போன படகுகள் வருமான்னே தெரியாத நேரம். நள்ளிரவுத் திருப்பலி மட்டும் நடந்தது. பாலன் இயேசு சொரூபத்தைக் குடிலில் வைக்கும்போது ஆளைத் தொலைத்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் முன்னால போய் முழங்கால் போட்டாங்க. இதுக்கு மேல எழுத வரல.

துபாய் மூணாம் மாடி:
இங்கே 25ஆம் தேதி பெரும்பாலும் வேலை நாள்தான், லீவு கேட்கணும். புனித மரியன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலி இருக்கு, அதுக்கு வர்ற கூட்டத்தைப் பார்த்தாலே ஊருக்கு வந்த மாதிரி ஆயிடும். எங்க வீட்டில் தவறாதது குடில். திருச்சியில் அப்பா கம்பு விதைச்சு, நிஜப் பயிரையே புல்லா வைப்பார். இங்கே என் பசங்களுக்கு அதைக் காட்டணும்னு ஆசை. பால்கனியில் வளர்க்கலாமா? யாராவது செஞ்சிருக்கீங்களா?

நாஞ்சில் மகள்:
நெய்தல், அந்த வருஷம் எங்க பக்கத்துலயும் நிறைய வீட்டில் ஸ்டார் ஏத்தல. உங்க ஊருக்காகத்தான்.

துபாய் தம்பி, தாராளமா வளர்க்கலாம். கம்போ கேழ்வரகோ ராத்திரி ஊறவச்சு, மறுநாள் தட்டையான டிரேயில் ரெண்டு விரல் கனத்துக்கு மண் பரப்பி, இடைவெளி விடாம நெருக்கமா தூவுங்க. மேல ஈரத்துணி போட்டு, முளை வர்ற வரைக்கும் நிழல்ல இருக்கட்டும். முளை எழும்பினதும் வெளிச்சத்துக்கு மாத்துங்க. தண்ணியை ஊத்தாதீங்க, தெளிங்க. ஊத்தினா விதை ஒரு பக்கம் ஒதுங்கிடும். டிசம்பர் 14, 15-க்குள்ள விதைச்சா 24-க்கு விரல் உயரம் நிற்கும். தெளிக்கிற வேலையைப் பசங்ககிட்டயே கொடுத்துடுங்க.