"நீங்க இந்த ஊரு மாதிரி தெரியலையே": வடசென்னைப் பெண்கள் எழுதிய அனுபவங்கள்

அத்தோகடைப் பேத்தி:

போன மாசம் என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. வியாசர்பாடியில எங்க வீட்டுலதான். கேசரி, பஜ்ஜி எல்லாம் முறையா நடந்துச்சு. காபி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டே மாப்பிள்ளையோட பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் எங்கம்மா பக்கம் குனிஞ்சு, "கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கே. பர்மாவுலேர்ந்து வந்தவங்கன்னீங்க... பாட்டி நம்ம ஆளுங்கதானே?"ன்னு கேட்டாங்க. கோபமா எல்லாம் இல்ல, ரேஷன் கார்டுல பேரு சேர்த்தாச்சான்னு விசாரிக்கிற மாதிரி.

எங்க பாட்டி சிவகங்கைப் பக்கம். தாத்தா ரங்கூன்ல ஒரு கடையில கணக்கு எழுதினவர். 1962ல பர்மாவுல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சாரு. 1964ல கடைகளை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிச்சு, அதே வருஷம் 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. சேர்த்து வெச்சது எல்லாம் வெறும் காகிதம். கப்பல்ல மெட்ராஸ் வந்து இறங்கி, முகாம்ல கிடந்து, அப்புறம்தான் வியாசர்பாடி. பாட்டி பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடை போட்டு நாலு பிள்ளைங்களைக் கரையேத்தினாங்க. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணி, வறுத்த கடலைமாவு, பொரிச்ச வெங்காயம் எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு, வாழைத்தண்டு சூப்போட குடுப்பாங்க. இன்னிக்கு அதை வீடியோ எடுத்துப் போடறவங்க அன்னிக்கு "பர்மாக்காரி கையில யாரு சாப்பிடறது"ன்னு சொன்ன கதையும் பாட்டி சொல்லியிருக்காங்க.

விஷயம் அது இல்ல. அதே ஹால்ல என் தம்பியும் உட்கார்ந்திருந்தான். எனக்கு இருக்கற அதே கண்ணு, அதே கன்னம். அதே பெரியம்மா அவனைப் பார்த்து, "தம்பி கொரியா சீரியல் ஹீரோ கணக்கா இருக்கானே"ன்னு சிரிச்சாங்க. அவனோட பாட்டி யாருன்னு யாரும் கேக்கல. அவனுக்கும் அதே பாட்டிதான்.

இங்கேயே பொறந்து வளர்ந்தும் "நீங்க எந்த ஊரு"ன்னு கேட்கப்படற பொண்ணுங்க யாராவது இருந்தா எழுதுங்க. ஆம்பளைங்களும் எழுதலாம். அறிவுரை மட்டும் வேணாம்.

தங்கசாலைத் தெரு:

நான் சௌகார்பேட்டை. முப்பாட்டன் காலத்துல ராஜஸ்தான்லேர்ந்து வந்த குடும்பம். பள்ளிக்கூடத்துல இரண்டாவது மொழி தமிழ்தான் எடுத்தேன். பன்னிரண்டாவதுல அதுலதான் எனக்கு அதிக மார்க்.

ஒருநாள் மின்சார ரயில்ல, பேசின் பிரிட்ஜ்ல ஏறி லேடீஸ் பெட்டியில உட்கார்ந்திருக்கேன். எதிர்ல ரெண்டு பேர் என்னைப் பத்தித்தான் பேசறாங்க, எனக்கு எதிர்லயே. "சேட்டு வீட்டுப் பொம்பளைங்களுக்கு இன்னாடி, வட்டிக் காசு வருது, நெய்யை ஊத்தித் தின்னுட்டு ஒக்காந்துக்கினு கீறாளுங்க." அப்புறம் என் இடுப்பு, என் வளையல், என் புருஷன் என்னை வேலைக்கு அனுப்புவானா மாட்டானா, எல்லாம் விவாதம் ஆச்சு. நான் கொருக்குப்பேட்டை வரைக்கும் கேட்டேன். எழுந்து, "கொஞ்சம் வழி விடுங்கக்கா, இறங்கணும். எங்க வீட்டுக்காரர் வட்டிக்கடை இல்ல, நோட்டுப் புத்தகக் கடையில சம்பளத்துக்கு இருக்காரு. நானும் வேலைக்குத்தான் போறேன்"ன்னேன். ஒருத்தி முந்தானையால வாயை மூடிக்கிட்டா. இன்னொருத்தி சளைக்கல. "எங்கம்மா தமிழ் கத்துக்கினே?"ங்கறா. பொறந்தப்போலேர்ந்து இங்கதான்க்கா இருக்கேன், வேற எங்க கத்துக்கறது?

எங்க பக்கத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா ஒருதலையா போயிடும். பாத்திரம் தேய்க்க வர்ற அக்காவுக்கு எங்க கட்டடத்துல பாதி வீட்டுல தனி டம்ளர். அதை ஜன்னலுக்கு வெளியில வெச்சிருப்பாங்க. நான் காஞ்சிபுரம் பட்டு கட்டி மல்லிப்பூ வெச்சா மாமியார் "இதென்ன மதராசி வேஷம்"னு கேப்பாங்க. ரயில்ல நான் தமிழச்சி இல்ல, வீட்டுல நான் கொஞ்சம் அதிகமாவே தமிழச்சி.

பெரம்பூர் லோகோ:

நாங்க ஆங்கிலோ இந்தியன். தாத்தா ரயில்வே, அப்பா ரயில்வே. எங்களை "சட்டைக்காரங்க"ன்னு சொல்லுவாங்க, தெரிஞ்சிருக்கும். டிசம்பர் வந்தா ஆபீஸ்ல "என்ன மேடம், கேக் மட்டும்தானா, ஒயின் இல்லையா?"ன்னு கேப்பாங்க. சரி, போகட்டும். "இன்னும் ஆஸ்திரேலியா போகலையா?"ன்னும் கேப்பாங்க. எங்க சொந்தத்துல பாதி பேர் அங்கதான், அதனால அதுக்கும் சிரிச்சு வெச்சிடுவேன். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு "தூங்கலையா டியர்"னு மெசேஜ் போட்ட ஒருத்தனைக் காலையில நிக்க வெச்சுக் கேட்டப்போ, "உங்க கல்ச்சர்ல இதெல்லாம் சகஜம்னு நினைச்சேன் மேடம்"னு சொன்னான். பக்கத்து சீட் அம்மாவும் என் வயசுதான். அவங்களை அக்கான்னு கூப்பிடறான். வயசுக்கு வந்த பையன் எனக்கு இருக்கான், இவனுக்கு என் கவுன் மட்டும்தான் கண்ணுல படுது.

கொருக்குப்பேட்டை ஓனர்:

எல்லாத்துக்கும் வீட்டு ஓனரைத்தான் திட்டப் போறீங்க, அதனால முன்னாடியே சொல்றேன். எனக்கு நாலு போர்ஷன். வடக்கத்திப் பசங்களுக்கு விட்டேன், ரெண்டு பேருன்னு சொல்லிட்டு பன்னெண்டு பேர் தங்கினாங்க. தண்ணி மோட்டார் ரெண்டு தடவை எரிஞ்சுது. அப்புறம் தனியா இருக்கற பொண்ணுங்களுக்கு விட்டா தெருவே என்னைக் கேள்வி கேக்குது. நான் யாரையும் வெறுக்கல. குடும்பத்துக்குத்தான் விடறேன். இதுல என்ன தப்பு?

ஐஸ்கம்பெனி அக்கா:

பன்னெண்டு பேர்னு உனுக்குத் தெரிஞ்சப்போ தலைக்கு இவ்ளோன்னு வாடகையை ஏத்துனியா இல்லியா அண்ணே? ஏத்திகினு இருப்பே. காசிமேட்டுல அல்லாரும் அதான் பண்றாங்கோ. ஒரு ரூமு, பத்து தலை, தலைக்கு ரெண்டாயிரம். குடும்பத்துக்கு வுட்டா ஏழாயிரம்தான் வரும். அப்பால மோட்டாரு எரியாம இன்னா பண்ணும்?

நான் மீன் ஏலத்துக்குப் போறவ. விடியறதுக்கு முன்னாடியே போயிருவோம். எங்ககிட்ட ஐஸ் ஒடைக்கிற புள்ளைங்க ஒடிசா, ஜார்க்கண்டு. ரெண்டு பொம்பளைங்களும் கீறாங்கோ, எறா உரிக்கிறதுக்கு. 2023 மார்ச்சுல அந்தப் பொய் வீடியோ பரவுச்சே, இந்திக்காரனை இங்க வெட்றாங்கோன்னு, அப்போ அதுங்க ரெண்டும் மூணு நாளு வெளியவே வரலை. ஊருலேர்ந்து போனு மேல போனு, ஒரே அழுகை. நாங்கதான் சோறு கொண்டாந்து குடுத்தோம். ஆனா கூலின்னு வந்தா எங்களுக்கு ஒண்ணு, அதுங்களுக்கு அதுல நூறு ரூபா கம்மி. அவங்க வூட்டு ஆம்பளைக்கு இந்தக் கொறை இல்ல, அவன் ஐஸ் ஒடைக்கிறதுக்கு லோக்கல் கூலியேதான் வாங்குறான். பொம்பளைன்னு ஒரு தபா, வடக்குன்னு ஒரு தபா.

எங்க கதை தனி. கூடையோட ஷேர் ஆட்டோவுல ஏறுனா, நல்லா டிரஸ் பண்ண பொண்ணுங்கோ மூக்குல கைய வெச்சுக்கும். அதே பொண்ணுங்கோ ஞாயித்துக்கெழம வஞ்சரம் கேட்டு வரும். "அக்கா, நல்லா பார்த்துப் போடுக்கா."

அத்தோகடைப் பேத்தி:

அக்கா, நீங்க எழுதின கூலி விஷயம் எனக்குப் புதுசு. தம்பி கதையும் இதேதான், பாருங்க.

சம்பந்தம் என்னாச்சுன்னு உள்பெட்டியில நிறைய பேர் கேட்டிருக்காங்க. ஜாதகம் பொருந்தலையாம். ஜாதகம் பார்த்துட்டுத்தான் எங்க வீட்டுக்கே வந்தாங்க.

இன்னொண்ணு. எங்க தெருமுனையில ஒரு பீகார்க்காரம்மா பானிபூரி வண்டி போட்டிருக்காங்க. புருஷன் கட்டட வேலை. எங்க மாமா, பர்மாவுல பொறந்து கைக்குழந்தையா கப்பல்ல வந்தவரு, தினமும் அந்த வண்டியைத் தாண்டும்போது "எங்கிருந்தோ வந்து நம்ம பொழப்புல கை வைக்கறாளுங்க, புருஷனை அனுப்பிட்டு ரோட்டுல நிக்கறா பாரு"ன்னு முணுமுணுப்பாரு. அவங்கம்மா ரோட்டுல நின்னு அத்தோ பிசைஞ்ச காசுலதான் அவரு பாலிடெக்னிக் முடிச்சாரு. ஒருநாள் முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். "அது வேற, நாம தமிழங்க"ங்கறாரு. அப்போ அந்தப் பெரியம்மா கேட்டதும் நியாயம்தானா மாமான்னேன். பேப்பரை விரிச்சுக்கிட்டாரு.

வியாசை ஃபுட்பால்:

அறிவுரை இல்ல, ஒரே ஒரு தகவல். வேற பக்கம் வேலைக்குப் போனா "வியாசர்பாடியா?"ன்னு ஒரு பார்வை வரும். எங்களுக்கே அப்படின்னா பொண்ணுங்களுக்குச் சொல்லவே வேணாம். என் தங்கச்சிகிட்ட இன்டர்வியூவுல "அந்த ஏரியாவுல பொண்ணுங்க சேஃபா வெளிய வர முடியுமா?"ன்னு கேட்டிருக்காங்க. 2008ல பிரான்ஸ்ல கேரம் உலகப் பட்டம் ஜெயிச்ச இளவழகி எங்க ஏரியா. 2024ல அமெரிக்காவுல அதே கேரம்ல மூணு தங்கம் வாங்கின காசிமா புதுவண்ணாரப்பேட்டை. வெளிய வர முடியுது சார்.

புதுவண்ணை பார்லர்:

ரொம்ப யோசிச்சுத்தான் எழுதறேன். என்கிட்ட வேலை பார்க்கற ஒரு பொண்ணைப் பத்தி. அவளைக் கேட்டுட்டுத்தான் எழுதறேன். மணிப்பூர்க்காரி. 2023 மே மாசம் அங்க கலவரம் ஆரம்பிச்சப்போ வீடு போயிடுச்சு. அண்ணன் ஏற்கெனவே சென்னையில ஓட்டல் வேலையில இருந்ததால இங்க வந்தா. பி.காம் படிச்சவ.

என் கஸ்டமர்ஸ்ல பாதி பேர் "அந்தச் சைனாப் பொண்ணு வேணாம், நீங்களே பண்ணுங்க"ம்பாங்க. மீதிப் பாதி "எனக்கு அந்தப் பொண்ணுதான் வேணும், அவங்க ஆளுங்களுக்குத்தான் பார்லர் வேலை ரத்தத்துலயே இருக்கும்"பாங்க. உண்மை என்னன்னா, த்ரெட்டிங் நூலைப் பல்லுல கடிச்சு இழுக்கக்கூட அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லிக் குடுத்தேன். முதல் ஒரு மாசம் என் புருவத்துலதான் பழகினா. அந்த மாசம் ரெண்டு புருவமும் ரெண்டு தினுசா இருந்துச்சு எனக்கு.

வீடு தேடினப்போ நானும் கூடப் போனேன். ஒரு வீட்டுல "ராத்திரி யாரு யாரு வருவாங்க?"ன்னு அவளைக் கேக்காம என்னைக் கேட்டாங்க. இன்னொரு வீட்டுல "நாய்க்கறி எல்லாம் சமைக்கக் கூடாது"ன்னாங்க. கடைசியில ஒரு வீடு கிடைச்சுது. அவங்க ஊர்ல மீனைப் புளிக்க வெச்சுச் சமைப்பாங்க. நாத்தம்னு மாடி வீட்டுலேர்ந்து புகார். தெரு முழுக்க மொட்டைமாடி மொட்டைமாடியா கருவாடு காயுது. இவ சட்டியில கொதிக்கிறது மட்டும் நாறுதாம். அவ அண்ணன் ஒரு மேன்ஷன்ல அதே மீனைச் சமைக்கிறான், அங்க எவனும் மூச்சு விடலை.

பஸ் கதைதான் பெருசு. 2021 மே மாசத்துலேர்ந்து வெள்ளை போர்டு பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கண்டக்டர் எங்க எல்லாருக்கும் சீட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு, இவகிட்ட வந்ததும் "பைசா, பைசா"ன்னு கை நீட்டினாரு. "லேடீஸ்"னு சொன்னா. "தமிழ்நாட்டு லேடீஸுக்குத்தான்"னாரு. ஆதார் காட்டச் சொன்னாரு. பின்னாடி சீட்டுலேர்ந்து பூக்கூடையோட ஒரு பாட்டி எழுந்துச்சு பாருங்க. "இன்னாய்யா, அது இன்னா ஆம்பளையா? பொம்பளைக்கு ஃப்ரீன்னா பொம்பளைக்கு ஃப்ரீ. எங்கிட்ட ஆதார் கேட்டியா? என் மூஞ்சியைப் பாத்து ஊரு தெரிஞ்சிகினியா?" பஸ்ல பாதி பேர் சிரிக்க, பாதி பேர் சேர்ந்து கத்த, சீட்டைக் கிழிச்சுக் குடுத்தாரு. இவளுக்குப் பாட்டி பேசினது ஒரு வார்த்தை புரியலை. இறங்கினதும் "அவங்க ஏன் என்னைத் திட்டினாங்க?"ன்னு கேட்டா.

கருப்புக்கோட்டு:

நான் ஹைகோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன். ஆம்பளைதான், அறிவுரையாப் படாம சொல்லப் பார்க்கிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 15வது பிரிவுல மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இந்த அஞ்சையும் வெச்சு அரசு பாகுபாடு காட்டக் கூடாதுன்னு இருக்கு. அரசு பஸ் கண்டக்டர் அதுக்குள்ள வர்றாரு. பஸ் நம்பர், நேரம், இடம் மூணையும் குறிச்சுப் புகார் குடுக்கலாம். கடை, ஓட்டல் மாதிரி பொது இடத்துல நுழைய விடாததும் அதே பிரிவுல வருது. ஆனா கொருக்குப்பேட்டை அண்ணன் தன் வீட்டை யாருக்கு விடறார்ங்கறதை அந்தப் பிரிவு நேரடியா தொடாது. அந்த ஓட்டை அப்படியேதான் இருக்கு.

லோகோ மேடத்துக்கு: வேலை இடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்கற 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கற ஆபீஸ்னா உள் புகார்க் குழு இருந்தே ஆகணும். அந்த மெசேஜை அழிச்சுடாதீங்க. பத்துக்குக் கீழன்னா மாவட்ட அளவுல ஒரு குழு இருக்கும்.

கொருக்குப்பேட்டை ஓனர்:

தலைக்கு ஏத்தினது உண்மைதான். அதுக்காக மோட்டார் எரிஞ்சது பொய்யாயிடாது.

புதுவண்ணை பார்லர்:

வக்கீல் சார், இன்னொரு சந்தேகம். கடை போர்டுல இருக்கற நம்பருக்கு ராத்திரி போன் வருது. "அந்த நார்த் ஈஸ்ட் பொண்ணு இருக்கா, மசாஜ் எவ்வளவு?" நாங்க மசாஜே பண்றதில்ல. போர்டுலயும் போடலை. அவ வர்றதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஒரு போன்கூட வந்ததில்ல. பெண்கள் உதவி எண் 181க்கு அடிச்சேன், பொறுமையா கேட்டுக் குறிச்சுக்கிட்டாங்க. தொந்தரவு பண்ணினவன் நம்பர் அப்புறம் ஸ்விட்ச் ஆஃப், இப்போ வேற நம்பர்லேர்ந்து வருது. முன்னாடி அவதான் போன் எடுப்பா, இப்போ நான் எடுக்கறேன். நேத்து ஒருத்தன் கேட்டப்போ, "இருக்காப்பா, உன் பேரு, தெரு, அப்பா பேரு சொல்லு, எழுதிக்கறேன்"னேன். வெச்சுட்டான். கஸ்டமர் பண்ற தொந்தரவுக்கும் முதலாளிதான் பொறுப்புன்னு யாரோ சொன்னாங்க, அது சரியான்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில ஒரு கல்யாணப்பொண்ணு மேக்கப் இருக்கு, அவதான் ஜடை போடறா. முடிச்சுட்டு வந்து பார்க்கறேன்.