மறுமொழி: சுமைச்சுருள், தன்னொத்ததிர்வு, தோற்ற மறுப்பு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஆன்டெனாப் பாடத்தின் கலைச்சொற்களைப் பற்றி நீங்கள் எழுதிய கருத்துகளுக்கு இது என் மறுமொழி. பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘அலைவாங்கி’ அலையைப் பரப்பவும் செய்கிறதே என்று ஆன்டெனாவை அப்படியே விட்டுவிட்டோம், அதில் சேர்க்கும் சுமைச்சுருளுக்கான (loading coil) சொற்களில்தான் சிக்கிக்கொண்டோம்.

> ‘ஒத்ததிர்வு’ நீளம், ‘பரிவு’ போதும்.

resonance என்பதற்குப் பரிவு நல்ல சொல்தான் ஐயா, நானும் ஆண்டிருக்கிறேன். ஆனால் சுருள் வேறு உறுப்பின்றித் தானே ஒத்ததிர்வதைக் (self-resonance) குறிக்க முன்னே ‘தன்’ சேர்ந்து ‘தன்பரிவு’ ஆனதும், கம்பிச்சுருள் தன்மேல் தானே இரக்கப்படுவதாக மாணவர் சிரிப்பர்.

> சுமைச்சுருளைவிட ஈட்டுச்சுருள் பொருத்தம்.

ஆன்டெனாவில் குறையும் நீளத்தை ஈடுசெய்வதே அதன் வேலை என்பதால் பொருளில் குறையில்லை. படு ‘பாடு’ ஆனதுபோல் இடு ‘ஈடு’ ஆனதில் தொடங்கித் திருவாய்மொழியின் ஈட்டுரை வரை தாங்கள் சென்றதையும் சுவைத்தேன். ஆயினும் டகரம் இரட்டித்தபின் அது பணம் ஈட்டுவதையே நினைவூட்டுகிறது.

> தன்னொத்ததிர்வுக்குக் காரணமானதைச் ‘சுற்றிடைத் தேக்குதிறன்’ என்போம், எவருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் தவறாக விளங்கும்: தேக்குதிறன் (capacitance) அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையேதான் எழுகிறது என்று தோன்றும். ஆய்வாளர் மெட்ஹர்ஸ்ட் ஒற்றையடுக்குச் சுருள்களை அளந்து 1947இல் வெளியிட்ட முடிவில், தேக்குதிறன் சுருளின் விட்டத்தையும் நீளத்துக்கும் விட்டத்துக்குமான விகிதத்தையும் பொறுத்தே அமைகிறது. சுற்றுகளின் எண்ணிக்கைக்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை. தன்னொத்ததிர்வை நெருங்குகையில் சுருளின் இரு முனைகளிலும் மின்னோட்டம் சமமாக இராது. அப்போது சுருளை ஒரு புள்ளித் தூண்டியாகக் (inductor) கொள்ளாமல், அலை மெதுவாக ஊர்ந்து செல்லும் கடத்துதொடராகவே (transmission line) கொள்ள வேண்டும். ஆகவே ‘தன்தேக்குதிறன்’ என்று பொதுவாக நிறுத்திக்கொள்வதே நேர்மை.

> மறுப்பு என்றால் மறுப்புதானே, ‘தோற்ற மறுப்பு’ எதற்கு?

மறுப்பு (reactance) என்பது மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு. 10 மெகாஹெர்ட்சில் தன்னொத்ததிர்வு கொள்ளும் சுருளை, தேக்குதிறனைப் பக்க இணைப்பில் சேர்த்த எளிய மாதிரியில் கணக்கிட்டுப் பாருங்கள். 5 மெகாஹெர்ட்சில் அதன் மறுப்பு வெறும் தூண்டத்தால் (inductance) வருவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கும். 9இல் ஐந்து மடங்கைத் தாண்டும். 11இல் குறி மாறி, சுருள் மின்தேக்கிபோல் நடந்துகொள்ளும். தூண்டத்தின் மறுப்பு வேறு, முனைகளில் தோன்றுவது வேறு என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

‘தோற்ற’ என்பதைப் பெயரெச்சமாகவும் படிக்கலாம், அப்போது அது தோல்வியுற்ற மறுப்பாகிவிடும் என்று அம்மையார் சுட்டியது சரியே. அதற்காகத்தான் ‘தோன்றுமறுப்பு’ என்று வினைத்தொகையாக முன்வைத்தேன். நால்வர் பழைய ‘தோற்ற மறுப்பை’யே விரும்புவதால் அச்சுக்கு அதுவே போகட்டும். ‘சுற்றிடை’யை மட்டும் நான் எழுதிய பக்கங்களில் சேர்க்க வேண்டாம்.