பாடி வேலை முடிந்து திரும்பிய 1971 எம்ஜிபி: சிறு கோளாறுகளை எந்த வரிசையில் சரிசெய்வது?

கேள்வி

வணக்கம். என்னுடைய 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் கார்), ஏழு மாதங்கள் பட்டறையில் இருந்துவிட்டுச் சென்ற வாரம் வீடு திரும்பியது. கதவுகளுக்கு அடியில் நீளும் பெட்டிச் சட்டங்கள் இரண்டு பக்கமும் மாற்றப்பட்டன. பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டுப் பின்பக்கத் தகடு வெல்டிங் செய்யப்பட்டது. பிறகு வண்டி முழுவதற்கும் பெயின்ட் அடிக்கப்பட்டது. வேலை பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் முன்பு இல்லாத நான்கு தொல்லைகள் இப்போது சேர்ந்து வந்திருக்கின்றன. பிரேக்கை மிதித்தபடி இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால், பின்விளக்குத் தொகுதி முழுவதும் மங்கலாக எரிகிறதே தவிர, இண்டிகேட்டர் துடிப்பதில்லை. பெட்ரோல் அளவுமானி எப்போதும் காலி என்றே காட்டுகிறது. வலக்கதவின் பின்விளிம்பு மேல்முனையில் உரசுகிறது. வண்டியைக் கழுவினால் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. புதிய பெயின்ட்டைக் கெடுத்துவிடாமல் எங்கிருந்து தொடங்குவது என்று சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

ஐயா, உங்கள் முதல் இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் அந்தப் புதிய பெயின்ட்டாகத்தான் இருக்க வேண்டும். இந்த வண்டியில் பாட்டரியின் நெகட்டிவ் முனை உடலோடு இணைந்திருப்பதால், ஒவ்வொரு விளக்கின் மின்சாரமும் தகட்டின் வழியாகவே திரும்பியாக வேண்டும். விளக்கைத் தகட்டோடு இணைக்கும் கறுப்பு எர்த் வயரின் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையில் பெயின்ட் புகுந்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. அப்போது இண்டிகேட்டருக்கு வந்த மின்சாரம் பக்கத்திலுள்ள பிரேக் விளக்கு, டெயில் விளக்கு ஆகியவற்றின் இழைகளுக்குள் புகுந்து வேறு வழி தேடுகிறது. எல்லாம் சேர்ந்து மங்கலாக எரிவது அதனால்தான். 21 வாட் பல்பின் பாதையில் 1 ஓம் தடை கூடினாலே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் வீணாகிவிடும். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷர் துடிப்பதற்கு அந்தப் பல்புகள் இழுக்கும் மின்சாரம் போதிய அளவில் இருக்க வேண்டும் என்பதால், அதுவும் நின்றுவிடுகிறது.

கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். விளக்கை எரியவிட்டு, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை விளக்குத் தொகுதியின் எர்த்திலும் மற்றொன்றைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். ஒரு வோல்ட்டின் சிறு பகுதிதான் காட்ட வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் குற்றம் எர்த்தில்தான். பிறகு டிக்கிக்குள் கறுப்பு வயர்கள் சேரும் போல்ட்டைக் கழற்றி, வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகட்டைக் கொண்டுவாருங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவிவிட்டால் துரு பிடிக்காது. கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்குபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

அளவுமானிக்கும் இதே கதைதான். டேங்கைத் திரும்ப மாட்டியபோது, பெட்ரோல் மட்டத்தை மானிக்குத் தெரிவிக்கும் அதிலுள்ள சென்டருக்கு (sender) எர்த் கிடைக்காமல் போயிருக்கலாம். சென்டரிலிருந்து பச்சை-கறுப்பு வயரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, அதன் முனையை வெறும் உலோகத்தில் சில நொடிகள் மட்டும் தொடுங்கள். முள் மெல்ல ஏறினால் மானியும் வயரும் நலம். சென்டரின் எர்த்தைப் பாருங்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடம் என்பதால் இந்தச் சோதனையைத் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள்.

இரண்டாவது பதில்

மின்சாரம் பற்றி மேலே நண்பர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எஞ்சினை உடலோடு இணைக்கும் எர்த் பட்டையும் மறக்காமல் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது விடுபட்டிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது மின்சாரம் முழுவதும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அவற்றைச் சூடாக்கிக் கருக்கிவிடும்.

ஆனால் என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் வலக்கதவு. எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில், வண்டி நடுவில் வளையாமல் தாங்குவதில் பெரும்பங்கு நீங்கள் மாற்றிய அந்தப் பெட்டிச் சட்டங்களுடையது. கதவைப் பொருத்திப் பார்த்து இடைவெளியைச் சரிபார்க்காமல் வெல்டிங் செய்திருந்தால், உடலே சற்று மடங்கிய நிலையில் இறுகிப்போயிருக்கக்கூடும். ஆகவே கதவில் கை வைப்பதற்கு முன், வண்டி நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போது கதவின் பின்விளிம்பு இடைவெளியை மேலும் கீழும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மறுபடி அளந்து பாருங்கள். அளவு கண்ணுக்குத் தெரியும்படி மாறினால், இது சிறு கோளாறு அல்ல. வெல்டிங் செய்தவரிடமே வண்டியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். மாறாவிட்டால், பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றிவிட்டுக் கதவை மூடிப் பாருங்கள். அப்போதும் உரசினால், கதவின் பின்முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துக் கீல் ஊசி தேய்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.

தண்ணீருக்கு, கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிகால் துளைகளையும், ஹீட்டருக்குக் காற்று வரும் பள்ளத்திலிருந்து கீழே இறங்கும் வடிகால் குழாயையும் பாருங்கள். அடிப்பூச்சு இவற்றை அடைத்துவிடுவது சகஜம்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்கின் எர்த்தில் 2.8 வோல்ட் காட்டியது. தேய்த்து இறுக்கியதும் 0.1 ஆகிவிட்டது, இண்டிகேட்டர் துடிக்கிறது. சென்டரின் கறுப்பு வயர் மாட்டப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது. வலக்கதவின் வடிகால் துளைகள் இரண்டும் அடிப்பூச்சால் மூடியிருந்தன. மரக்குச்சியால் குத்தித் திறந்தேன்.

கதவைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்லவேளையாக, ஜாக்கியில் தூக்கியபோதும் இடைவெளி அதே 3 மில்லிமீட்டராகவே இருந்தது. ஸ்ட்ரைக்கரைக் கழற்றிய பிறகும் உரசுகிறது; பின்முனையைத் தூக்கினால் கதவு கையோடு மேலே வருகிறது. எனவே மேல்கீலுக்குப் புதிய ஊசி வரவழைத்திருக்கிறேன். அது வரும்வரை, பெயின்ட் உரியாமல் இருக்க அந்த விளிம்பில் டேப் ஒட்டி, வலக்கதவைத் திறக்காமலே வைத்திருக்கிறேன்.