நினைவிழந்த நிலையில் மருத்துவ முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு?

கேள்வி (பாலக்கோடு):
பிள்ளைகள் இல்லாத என் பெரியம்மா, தாம் நினைவிழந்து கிடக்கும் நிலை வந்தால் வென்டிலேட்டர் வைப்பதா வேண்டாமா என்பதைத் தம்முடைய தம்பிமார்களிடம் விடாமல் நானே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறார். மாந்தோப்பு விவகாரங்களுக்காக அவர் எனக்கு எழுதிக் கொடுத்திருக்கும் பொது அதிகாரப் பத்திரமே இதற்குப் போதுமானதா?

மறுமொழி (கிருஷ்ணகிரி):
போதாது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி அந்த அதிகாரமே முடிந்துவிடும். தேவைப்படும் நேரத்தில்தான் அது கைகொடுக்காது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அங்கீகரித்த முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை எழுதி, அதில் உங்கள் பெயரைக் குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்ததால் (யார் அதற்காக நீதிமன்றப் படியேறுவார்கள்?) பலரும் தயங்கினார்கள்; 2023 ஜனவரி முதல், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் பெற்றால் போதும். நெருங்கிய உறவினர் ஒருவருக்கு மேற்பட்டோரையும் குறிப்பிடலாம். ஒரு தம்பியையும் சேர்த்துக்கொண்டால் பிற்பாடு சச்சரவு குறையும் என்பது என் எண்ணம்.

மறுமொழி (அரூர்):
குணமாகும் நம்பிக்கையற்ற நோய்நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையைத் தவிர்ப்பதற்கோ நிறுத்துவதற்கோ மட்டுமே இந்த ஆவணம் உதவும். அப்போதும் உங்கள் சொல் மட்டும் போதாது. மருத்துவமனையின் முதல்நிலைக் குழுவும், அதன்பின் இரண்டாம்நிலைக் குழுவும் ஒப்ப வேண்டும். மனநலச் சிகிச்சைக்கான பிரதிநிதி நியமனம் வேறு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தாலே செல்லும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சின்ன மாமாவிடம் பேசிவிட்டு, அதன்பிறகே நோட்டரியை அணுகுகிறேன்.