ரங்கூன் கடைக்கு பில் மென்பொருள்: லாசரஸா, டெல்ஃபியா?

பருப்புமண்டி:
மொத்த வியாபாரக் கடை. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், இரண்டு கணினி. பர்மிய எழுத்தில் ரசீது வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும். லாசரஸ், டெல்ஃபி இரண்டுமே பாஸ்கல் மொழியில் மென்பொருள் எழுதும் கருவிகள்தானே, எதில் சீக்கிரம் முடிக்கலாம்?

பாஸ்கல்காரன்:
லாசரஸ் போதும் அண்ணே, முழுக்க இலவசம். டெல்ஃபி கம்யூனிட்டி பதிப்பு இலவசம்தான், ஆனால் ஆண்டு வருமானம் 5,000 டாலருக்கு மேல் போனால் அதை வைத்துக்கொள்ள முடியாது. மொத்தக் கடைக்கு அது எந்த மூலைக்கு?

எஸ்கியூலைட்டை (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) நெட்வொர்க் ஃபோல்டரில் போட்டு இரண்டு கணினியிலும் திறக்காதீர்கள். ஃபைல் பூட்டு சரியாக வேலை செய்யாமல் டேட்டாபேஸ் கெடும். ஒரு கணினியில் ஃபயர்பேர்ட் டேட்டாபேஸ் சர்வர் வைத்து இரண்டு கணினியும் அதனோடு பேசட்டும், அந்தக் கணினிக்கு மட்டுமாவது யுபிஎஸ்.

ஒவ்வொரு பில்லுக்கும் 'அப்ளைஅப்டேட்ஸ்' (மாற்றத்தை டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை), உடனே 'கமிட்' (அதை நிரந்தரமாகப் பதியும் கட்டளை). முதலாவதோடு நிறுத்தினால் திரையில் பில் தெரியும், மறுநாள் காணாது.

கியாட் (பர்மிய நாணயம்) தொகைக்கு பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையை வையுங்கள். சாதாரண இன்டிஜர் 214 கோடியோடு நின்றுவிடும்.

தட்டோன்தம்பி:
பழைய சரக்குப் பட்டியல் ஜாஜியில் (பழைய பர்மிய எழுத்துரு முறை) இருந்தால் முதலில் பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே குறியீட்டு வரிசை என்பதால் மென்பொருள் பிழை காட்டாது, எழுத்துதான் குழம்பும். ரசீதுப் பிரின்டருக்கு பர்மிய வரியைப் படமாக அனுப்புவதே நல்லது.

பருப்புமண்டி:
பட்டியல் ஜாஜிதான். மாற்றிவிட்டு வருகிறேன்.